இன்னொரு இழை எங்கே?

அண்ணி என்ன வேலை பார்க்கிறாள் என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது, ஆரம்பத்தில் நான் வெகுளியாக ‘ஆர்.என்.ஏ. ஆராய்ச்சி’ என்று சொல்லிவிடுவேன். உடனே அவர்கள் இரண்டு கை ஆள்காட்டி விரல்களையும் ஒன்றோடொன்று முறுக்கிக் காட்டி, “இப்படி இருக்குமே, அதானே?” என்பார்கள். அண்ணிக்கு அந்த இரண்டு விரல்களைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

“அது டி.என்.ஏ. அதுலதான் ரெண்டு இழை. நான் பார்க்கிறது ஒத்தை இழை.”

“ஒத்தையா? அப்ப இன்னொண்ணு எங்கம்மா போச்சு?”

“எங்கயும் போகல சித்தப்பா. இருந்தாத்தானே போறதுக்கு!”

சித்தப்பா ஏதோ துக்கச் செய்தி கேட்டதுபோல் தலையாட்டுவார். அவள் எழுந்து சமையலறைக்குள் போய்விடுவாள். பின்னாலேயே பாத்திரங்கள் பேச ஆரம்பிக்கும்.

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் யாருக்கும் பட்டப்பெயர் வைக்காமல் அவனுக்குச் சோறு இறங்காது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் நான் ‘லென்ஸ்’. அம்மா ‘மேலிடம்’. அண்ணி ‘ஒத்தை இழை’. அவனிடம் மட்டும் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். கல்யாணமான புதிதில், “இது யாரையும் பிடிச்சுக்காம தானே சுருண்டு நிக்குமா?” என்று அவன் கேட்டானாம். ‘இன்னொண்ணு எங்கே’ என்று கேட்காத முதல் ஆள் அவன்தான் என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

எனக்கு அது விளங்கியது எங்கள் கடையில்தான். கண்ணாடியின் திருகை இறுக்க வந்தவள், கண் பரிசோதனைத் தட்டிலிருந்த வட்ட லென்ஸ்களை எடுத்து மேசையில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள். ஒவ்வொன்றுக்கும் சின்னக் கைப்பிடி உண்டு. ஒவ்வொரு கைப்பிடியையும் கீழே இருப்பதைவிடக் கொஞ்சம் திருப்பி வைத்தாள்.

“இழையில இருக்கிற எழுத்துங்க இந்த மாதிரி தட்டையா இருக்கும். அதுங்களுக்குத் தண்ணி ஆகாது. அதனால தண்ணிக்கு முகம் காட்டாம ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டி உக்காந்துக்கும். நேரா உக்காராது, கொஞ்சம் திரும்பி உக்காரும். அடுத்தது அதுக்கும் மேல கொஞ்சம் திரும்பி. அப்படியே போனா என்ன ஆகும்?”

“சுழல் படிக்கட்டு.”

“அவ்வளவுதான்! பக்கத்து எழுத்தோட ஒட்டுறதே போதும். எதிர்ல ஒரு ஜோடி இருந்தாத்தான் சுருளணும்னு எவன் சொன்னான்?”

எவனும் சொல்லவில்லை. நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் அவள் பார்வை கடைச் சுவரில் மருந்துக் கம்பெனிக்காரன் மாட்டிவிட்டுப் போன படத்தின் மேல் விழுந்தது. அதிலும் ஒரு சுருள். “இடப்பக்கமா ஏறுது பாரு! திருகாணி எப்படி ஏறும்? வலப்பக்கம். இதுவும் அப்படித்தான் ஏறணும். படம் போடுறவனுங்க ஒருத்தனாவது ஒழுங்கா போடுறானா? கழட்டு இதை” என்றாள். முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். நான் கழற்றவில்லை. அவளோடு நடமாடுவதில் இது ஒரு தொல்லை. சுவருக்குச் சுவர் சண்டை.

அவள் ஆய்வேட்டின் கேள்வி சின்னது. ஒரே எழுத்தாக வரிசையாக இருக்கும் இழையின் நடுவில் ஒரே ஒரு வேற்றெழுத்தைச் செருகினால், படிக்கட்டு அங்கே உடையுமா, அல்லது அதைத் தாண்டிப் போகுமா? தாண்டித்தான் போகும் என்பது அவள் கட்சி. அதைப் பார்க்க ஒரு மெஷின். வலப்பக்கம் முறுக்கிய ஒளியையும் இடப்பக்கம் முறுக்கிய ஒளியையும் இழைகள் மிதக்கும் கரைசலுக்குள் அனுப்பி, எதை அதிகம் விழுங்குகிறது என்று பார்க்கும். கரைசலில் சுருள் இருந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். பிறகு மெல்லச் சூடாக்க வேண்டும். ஒற்றை இழைச் சுருள் என்றால், ஒவ்வோர் எழுத்தும் பக்கத்து எழுத்தை மட்டும் பிடித்திருப்பதால், இங்கொன்றும் அங்கொன்றுமாக விட்டுக்கொண்டே வரும். தாளில் கோடு மெல்லச் சரியும். இரண்டு இழை பின்னியிருந்தால், கடைசிவரை பிடித்திருந்துவிட்டுச் சொல்லி வைத்தாற்போல் எல்லாம் ஒன்றாகக் கைவிடும். கோடு கிணற்றில் விழுந்ததுபோல் விழும். அவளுக்கு வேண்டியது சரிவு. கிணறு அல்ல.

வந்தது இரண்டும்! வெறுமனே பார்த்துக்கொள்வோம் என்று ஓட்டும் நாட்களில் அழகாகச் சரிவு வரும். இதுதான் கடைசி, இதைத்தான் ஆய்வேட்டில் போடப்போகிறேன் என்று உட்காரும் நாட்களில் கிணறு வரும். நாள் முக்கியமாக முக்கியமாகக் கிணறும் ஆழமானது. அவள் தண்ணீரை மாற்றினாள். ரசாயனக் கம்பெனியை மாற்றினாள். மெஷினைப் பார்த்துக்கொள்பவரை நச்சரித்து விளக்கை மாற்ற வைத்தாள். அமிலம் கலந்திருக்குமோ என்று சந்தேகப்பட்டுக் கரைசலைப் பாட்டிலில் வைத்து மறுபடி மறுபடி அளந்தாள். அமிலமும் இல்லை, காரமும் இல்லை, தங்கம்போல் நடுவில் நின்றது. பாட்டிலில்தான் அளக்க முடியும். மெஷினுக்குள் வைக்கும் குவார்ட்ஸ் செல், சுண்டுவிரல்கூட நுழையாத குட்டிக் கண்ணாடிப் பெட்டி. அளக்கும் கோல் அதற்குள் போகாது.

அவளுடைய ஆய்வு வழிகாட்டியை லேபில் எல்லோரும் பெரியவர் என்பார்கள். கிணற்றைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் பல்.

“அந்த வேற்றெழுத்து பக்கத்து இழையைப் பிடிச்சு ஜோடி சேருதும்மா. நீ ஒத்தை ஒத்தைன்னு அடம் பிடிக்கிறே. அது ரெட்டையா நிக்குது.”

“அப்ப மத்த நாள்ல ஏன் சார் சரிவு வருது?”

“மத்த நாள்ல நீ கவனமா செய்யலை.”

அண்ணி தாளைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிட்டாள். ஏனென்றால் அது உண்மை. முக்கியமான நாளுக்கு முன்னால்தான் அவள் செல்லைப் பெரியவர் சொல்லிக்கொடுத்த முறைப்படி நைட்ரிக் அமிலத்தில் ஊற வைப்பாள். அமிலத்தில் ஊறாத செல்லைத் தொடுகிறவன் தன் லேபுக்குள் கால் வைக்கக் கூடாது என்பது அவர் சட்டம். மற்ற நாட்களில் சோம்பல்பட்டு வெறும் தண்ணீரில் கழுவுவாள். ஆக, கவனமான நாட்களெல்லாம் அவருக்குச் சாட்சி, சோம்பல் நாட்களெல்லாம் அவளுக்குச் சாட்சி. எந்த நீதிமன்றம் அவள் பக்கம் பேசும்?

அந்த எரிச்சலெல்லாம் வீட்டுக்குத்தான் வரும். பாத்திரம் தேய்ப்பது அவள் பங்கு. தேய்க்கிற வேகத்தைப் பார்த்தால் அலுமினியம் அழுதுவிடும். ஆனால் அலசுவது என்னவோ பூனைக் குளியல்தான். அம்மா டீயை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை முகர்ந்து பார்ப்பாள்.

“தேய்க்கத் தெரியுது, அலசத் தெரியல. சோப்பையும் சேர்த்துக் குடிக்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்து?”

“ரெண்டு தடவை அலசினேன் அத்தை.”

“எவ்வளவு தண்ணியில? கண்ணீர் விட்டு அலசினியா?”

அண்ணி வளர்ந்தது மாடிக் குடியிருப்பு ஒன்றின் உச்சியில். தண்ணீரைக் கீழேயிருந்து குடத்தில் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் ஏற்றுவது இவள் வேலை. அலச அரை குவளைதான் என்று அந்த வீட்டில் ஒரு கணக்கு. தண்ணீர் கொட்டும் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கை மாறவில்லை. இதை அம்மாவிடம் எத்தனை முறை சொன்னாலும், “அப்ப தூக்கினே சரி, இப்ப குழாயைத் திறக்க கையில வலியா?” என்பாள். அண்ணி அடுத்த டம்ளரைத் தேய்க்கப் போய்விடுவாள். எனக்குத்தான் இரண்டு பேர் மேலும் கோபம் கோபமாக வரும்.

இந்த நிலையில் பெரியவர் கிணறுகளை மட்டும் பொறுக்கியெடுத்து, அந்த இழைகள் ஜோடி சேர்கின்றன என்று ஒரு கட்டுரையை வெளிநாட்டுப் பத்திரிகையில் போட்டுவிட்டார். அண்ணியின் பெயரும் அதில் இருந்தது. கூடவே, ஆய்வேட்டிலும் அதையே எழுதினால்தான் கையெழுத்து என்று சொல்லிவிட்டார். நீட்டித்த தவணையெல்லாம் முடிந்துவிட்டது. அந்த வாரத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் அவள் பதிவே ரத்தாகிவிடும். அத்தனை வருஷமும் ஆற்றில் கரைத்த புளி.

“எழுதிக் கொடுத்துடுங்க அண்ணி. பட்டம் வந்தா போதும். ரெட்டைன்னா என்ன, ஒத்தைன்னா என்ன? நம்ம வீட்ல யாருக்குத் தெரியப்போகுது?” என்றேன்.

“எனக்குத் தெரியுமே” என்றாள். பிறகு உட்கார்ந்து அவர் சொன்னபடியே எழுதினாள். எழுதிய நாட்களில் பாத்திரம்கூடச் சத்தமில்லாமல் தேய்த்தாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

படம் ஒன்று பாக்கி. அவர் கட்சிக்குத் தோதாக ஒரு நல்ல கிணறு வேண்டும், பழைய கிணறுகள் கட்டுரையில் போய்விட்டன. அதற்காக விடுமுறை நாளில் லேபுக்குக் கிளம்பினாள். விடுமுறையில் யாரும் தனியாக லேபில் இருக்கக் கூடாது என்று விதி. துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். ஜன்னலில்லாத அறை. சுவரில் ‘உண்ணாதே, குடிக்காதே, ஓடாதே’ என்று அறிவிப்பு. பெரிய பெட்டிபோல் அந்த மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு முக்காலி.

அவள் பையிலிருந்து குவார்ட்ஸ் செல்லை எடுத்தாள். குழாயில் காட்டினாள். காய்ச்சி வடித்த தண்ணீரில் முக்கினாள். கரைசலை ஊற்றி, மேலே அதன் குட்டி மூடியை அழுத்தினாள்.

“ஆசிட்ல ஊற வைக்கலையா அண்ணி? முக்கியமான நாளாச்சே.”

“பொய்க்கு என்ன குளியல்?” என்றாள்.

மெஷின் சூடாக்க ஆரம்பித்தது. திரையில் கோடு ஊர்ந்தது. நான் அறிவிப்பைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நெடுநேரம் கழித்து அவள் மேசையில் ஓங்கி அடித்தாள். தூக்கிவாரிப் போட்டது.

“இன்னிக்குன்னு பார்த்து சரிவு வருது! சனியன்! வேணும் வேணும்னு நான் தலையால தண்ணி குடிச்சப்ப வரல. வேணாம்னு விட்ட அன்னிக்கு வந்து பல்லைக் காட்டுது!”

பாவம், அவள் விரும்பிய விடைதான். அதன் மேல் அவளுக்கு வந்த கோபத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. விடுவிடுவென்று செல்லையும் மூடியையும் அமிலத்தில் போட்டாள். “வா, டீ குடிச்சிட்டு வருவோம்” என்றாள். வந்து, தண்ணீரில் அலசி, அதே பாட்டிலிலிருந்து அதே கரைசலை ஊற்றி, குமிழி போகச் செல்லைத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தி வைத்தாள். இந்த முறை கிணறு. செங்குத்தான, பெரியவர் பார்த்தால் சட்டம் போட்டு மாட்டும் கிணறு.

“கிடைச்சிடுச்சே, கிளம்பலாமா?” என்று எழுந்தேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. அலமாரியிலிருந்து ஊறாத வேறு மூடி ஒன்றை எடுத்தாள். செல்லை மட்டும் நன்றாக அலசி, இந்த மூடியைப் போட்டு ஓட்டினாள். சரிவு. பிறகு பழைய மூடியைத் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கம் உள்ளே குடைந்திருந்தது, பேனா மூடிபோல. ஒரு மஞ்சள் சோதனைத் தாளைக் கிழித்து அந்தக் குழிக்குள் நுழைத்து எடுத்தாள். தாள் சிவப்பாக வந்தது.

“என்ன அண்ணி இது?”

“அமிலம்” என்றாள். தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “மூடிக்குள்ள ஒளிஞ்சிருக்கு. செல்லைக் கவிழ்க்கிறப்ப கரைசல்ல இறங்குது. அமிலத்துல, வரிசையா இருக்கிற அந்த ஒரே எழுத்து தன் இனத்தையே பிடிச்சு ரெண்டு இழையா நிக்கும். வேற்றெழுத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. இது பாடப் புத்தகத்துலயே இருக்கு, எனக்கே தெரியும். நான் பாட்டிலை அளந்தேன்… பாட்டிலையே அளந்துட்டு இருந்தேன்.”

சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். எத்தனை வருஷம், எத்தனை முறை, எவ்வளவு கவனம்! கவனமாக இருந்த நாளெல்லாம் தப்பு, சலித்துப்போன நாளெல்லாம் சரி. இதை நினைத்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் எல்லோரிடமும் அவளே சொன்னாள். சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்து, “அத்தை, தயவுசெஞ்சு இப்ப எதுவும் சொல்லிடாதீங்க” என்றாள்.

அம்மா தன் டம்ளரை எடுத்தாள். பழக்கத்தில் மூக்குவரை கொண்டுபோனவள், அப்படியே கீழே வைத்தாள். “நான் என்னத்தைச் சொன்னேன்? டம்ளரைத்தானே சொன்னேன்” என்றாள் மெதுவாக. என் அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனான்.

மறுநாள் அவள் பெரியவரைப் பார்த்துவிட்டு வந்தாள். வந்த வேகத்தில் செருப்பு ஒன்று வாசலிலும் ஒன்று கூடத்திலும் கிடந்தது. நடந்ததை நடித்தே காட்டினாள்.

“‘ஒரு மூடிக்காக நான் கட்டுரையை வாபஸ் வாங்கணுமா’ங்கிறார். ‘மூடிக்காக இல்ல சார், தப்புக்காக’ன்னேன். ‘ஆசிட்ல கழுவுற முறை நான் படிச்ச காலத்துலேர்ந்து இருக்கு, உனக்கு அலசத் தெரியலைன்னா முறை என்ன பண்ணும்’ங்கிறார்.”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். பெரியவர் சொன்னதும் அவள் வழக்கமாகச் சொல்வதும் ஒன்றுதான். ஆனாலும் ஏனோ அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “எங்க வீட்டுப் பொண்ணைச் சொல்ல அவர் யாரு?” என்றாள்.

“அப்புறம்?” என்றான் அண்ணன்.

“அவர் சொன்ன மாதிரி எழுதினதைக் கிழிச்சுப் போட்டேன். ராத்திரி முழுக்க உக்காந்து எழுதின என் கட்சியை மேசையில வெச்சேன். மூடி, மஞ்சள் தாள் கட்டு ரெண்டையும் அது மேல வெச்சேன். ‘நம்பலைன்னா நீங்களே கழுவிப் பாருங்க சார். உங்க கையால, உங்க முறையில. எவ்வளவு தண்ணி வேணும்னாலும் விட்டு அலசுங்க’ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

“கையெழுத்து போடலைன்னா?”

“போடலைன்னா பட்டம் இல்ல” என்றாள். கூடத்தில் கிடந்த செருப்பை எடுத்து வாசலில் விட்டாள்.

தவணையின் கடைசி நாள் அவள் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. காலையிலிருந்து ஜன்னல் கம்பிகளைத் துடைத்தாள். நான் கடைக்கு மட்டம் போட்டிருந்தேன். மதியம் போன் வந்தது. மெஷினைப் பார்த்துக்கொள்பவர். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“மேடம், பெரியவர் நேத்துலேர்ந்து மெஷின் ரூமை விட்டு வெளியே வரல. யாரையும் உள்ள விடல. மூடியைக் கழுவுறாரு, ஓட்டுறாரு. திரும்பக் கழுவுறாரு, ஓட்டுறாரு. சாப்பிடக்கூடப் போகல. தாளெல்லாம் செவப்பு செவப்பா கீழ கிடக்கு.”

“என்னண்ணா சொல்றாரு?”

“ஒண்ணும் சொல்லல. இப்பத்தான் உங்க ஆய்வேட்டை எடுத்துட்டு ஆபீஸ் பக்கம் போனாரு. கையெழுத்து இருக்குன்னு நினைக்கிறேன். நான் எட்டித்தான் பார்த்தேன்.”

இருந்தது. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கூப்பிடவுமில்லை. பத்திரிகைக்கு மட்டும் திருத்தம் அனுப்பினாராம். அதில் ‘கழுவும் முறையில் நேர்ந்த குறை’ என்று இருந்தது. யார் கழுவியது, யார் முறை என்று இல்லை. எனக்கு இப்போதும் அதில் ஆற்றாமை உண்டு. தப்பைக் கண்டுபிடித்தவள் பெயரைப் போட்டால் மை தீர்ந்துவிடுமா? அண்ணி, “விடு” என்றாள். விட்டதுபோல் தெரியவில்லை. அன்றும் பாத்திரங்கள் பேசின.

வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்பதால் நாங்கள் எல்லோரும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். சித்தப்பாவும் ஒட்டிக்கொண்டார். அண்ணி எங்கள் பக்கத்தில், விரல்களை நெரித்துக்கொண்டு, கூப்பிடக் காத்திருந்தாள். அவளை அறிமுகப்படுத்தப் பெரியவர் எழுந்தார். கடைசியாகப் பார்த்ததைவிட மெலிந்திருக்கிறார் என்றாள் அண்ணி. அவர் தொண்டையைச் செருமினார்.

“நியூக்ளிக் அமிலம்னாலே நம்ம எல்லாருக்கும் நினைவுக்கு வர்றது…” என்று பழக்கத்தில் இரண்டு கைகளையும் தூக்கி, இரண்டு ஆள்காட்டி விரல்களையும் முறுக்கப் போனார். சித்தப்பா உற்சாகமாகத் தன் விரல்களையும் முறுக்கிக்கொண்டார்.

பெரியவர் பாதியில் நின்றார். கூட்டத்தில் அண்ணியைத் தேடிப் பார்த்தார். பிறகு இடது கையை மெல்ல இறக்கி மேசையின் கீழே வைத்துக்கொண்டார். வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் தனியாக நின்றது. அதைச் சுழற்றிச் சுழற்றி மேலே ஏற்றினார்.

“இதுக்கு இன்னொண்ணு வேண்டாம்னு இவங்க காட்டியிருக்காங்க. என்கிட்டயே காட்டியிருக்காங்க” என்றார்.

அம்மா முந்தானையை எடுத்துக்கொண்டாள். அண்ணியின் கையைப் பிடித்து அழுத்தினேன். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த ஒற்றை விரலையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன அண்ணி?” என்று கிசுகிசுத்தேன்.

“பாரேன் அந்த ஆளை,” என்றாள், “இப்பவும் இடப்பக்கமா சுத்துறாரு.”